வாடகை டயரில் வந்த பிக்கப்

என்னிடம் இரண்டு வருஷம் வேலை பார்த்த கவிதா இப்போது பெரிய இன்ஸ்பெக்டர். போன மாதம் போன் செய்தாள். அவர்கள் மைதானத்தில் வண்டிகளைச் சோதிக்க மிஷின் வந்துவிட்டதாம். சக்கரத்தை உருளை மேல் ஏற்றி நிறுத்தினால் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது, வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது எல்லாம் திரையில் எண்ணாக வந்துவிடுமாம். "இனிமே வண்டிக்கு அடியில படுக்கவே வேணாம் சார். நீங்கல்லாம் அப்போ எதை வச்சு சார் பாஸ் போட்டீங்க?" என்று கேட்டாள்.

கேட்ட தொனி எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் என்னமோ கிளி ஜோசியம் பார்த்துப் பாஸ் போட்ட மாதிரி. "முதுகை வச்சும்மா" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன். அப்புறம் பாவமாக இருந்தது. நல்ல பெண், வேலையில் கெட்டி. ஒழுங்காகப் பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு ஒரே ஒரு வண்டிதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே அதைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

என் கதை சுருக்கம்தான். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தேன். பஸ் டிப்போ பட்டறையில் கொஞ்ச காலம் கிரீஸில் கிடந்தேன். பரீட்சை எழுதி மோட்டார் வாகன ஆய்வாளர் ஆனேன். இந்தப் பெயர் ஆர்டரில் மட்டும்தான் இருக்கும். ஊர் கூப்பிடுவது பிரேக் இன்ஸ்பெக்டர் என்று. சரக்கு வண்டிகள் வருஷத்துக்கு ஒரு தடவை எங்களிடம் வந்து நின்று, ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்று சான்றிதழ் வாங்க வேண்டும். அதற்குப் பெயர் எஃப்.சி. அது இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்கக்கூடாது. "நல்லா சம்பாதிச்சிருப்பீங்களே" என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் கண்ணடிக்கிறார்கள். மேற்கு மாம்பலத்தில் என் வீட்டு மாடிப்படியை ஒருமுறை ஏறிப் பார்த்தால் அந்தக் கேள்வி வராது. அதற்கு மேல் அதில் பேச எனக்கு விருப்பமில்லை.

நாலு ஊர் சுற்றிவிட்டு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தென்சென்னைக்கு வந்து சேர்ந்தேன். அடையாறு தாண்டி ஒரு பொட்டல் மைதானம், ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு மேஜை. அவ்வளவுதான் அலுவலகம். எனக்கு மேலதிகாரி ரங்கராஜன் சார், மயிலாப்பூர் மாட வீதிக்காரர். தினமும் காலையில் கக்கத்தில் ஒரு கோணிச் சாக்கை மடித்து இடுக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குவார். வண்டிக்கு அடியில் விரித்துப் படுக்கத்தான் அந்தச் சாக்கு. ஆபீஸ் செலவில் ரப்பர் பாய் வாங்கிக்கொள்ளலாமே என்று நான் ஒரு தடவை சொன்னேன். "ஆத்துல வாராவாரம் தோய்ச்சுத் தர்றா. இதுவே போறும்" என்றார்.

அவர் வண்டி பார்க்கும் விதம் தனி. வந்து நின்றதும் பானெட்டைத் திறக்கச் சொல்ல மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று. பேச்சே கிடையாது. பிறகு டிரைவரிடம், "கடைசியா என்ன லோடு ஏத்தினே?" என்று ஒரு கேள்வி. செங்கல் என்றால் பின் ஸ்பிரிங் பட்டைகளைத் தடவுவார். மீன் என்றால் சேஸிஸில் துருவைத் தேடுவார். அப்புறம் ஸ்டியரிங்கை இரண்டு விரலால் மெல்ல அசைத்து, சக்கரம் எப்போது அசையத் தொடங்குகிறது என்று பார்ப்பார். அப்புறம்தான் சாக்கு விரியும். கீழே படுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகப் பிடித்து, மேலே ஒருவரை ஸ்டியரிங்கை ஆட்டச் சொல்லி, ஆட்டம் இருக்கிறதா என்று கையாலேயே தெரிந்துகொள்வார். கடைசியில் பிரேக். மைதானத்தில் முப்பதில் ஓடவிட்டு ஒரே மிதி. மண்ணில் விழுந்த நாலு கோட்டையும் குனிந்து பார்ப்பார். இடது கோடு நீளம், வலது குட்டை என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ரிஜெக்ட் செய்வதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. ஓனரைக் கூப்பிட்டு, அவர் கையைப் பிடித்து இழுத்து, பழுதான இடத்தில் வைத்துத் தொடச் சொல்வார். வெள்ளை வேட்டி முதலாளியாக இருந்தாலும் சரிதான். என்னிடம் முதல் வாரமே சொல்லிவிட்டார்: "கையில அழுக்குப் படாம ஒருத்தரையும் பாஸ் பண்ணாதேங்கோ. ரிஜெக்டும் பண்ணாதேங்கோ." சரி சார் என்று தலையாட்டினேன். இரண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன். அதற்குள் எனக்கு என்று ஒரு பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

விஷயம் டயர். அப்போது ராயப்பேட்டை ஷெட்டுகளில் ஒரு பழக்கம் இருந்தது. எஃப்.சி.க்குப் போகிற வண்டிக்கு அன்று ஒரு நாள் மட்டும் நல்ல டயர்களை வாடகைக்கு மாட்டி அனுப்புவார்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும் கழற்றிக்கொண்டு, மொட்டை டயரையே திரும்ப மாட்டிவிடுவார்கள். ஒரே செட் டயர் மாதத்தில் பத்து வண்டியில் பாஸ் ஆகும். இதை நான் கண்டுபிடித்தேன். நானேதான் கண்டுபிடித்தேன், அதில் சந்தேகமே வேண்டாம். என் வீட்டுக்காரியின் நகப்பூச்சு பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், சந்தேகப்பட்ட டயர்களின் உள்பக்கம் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன். ஒரு மாதத்தில் அதே பொட்டு ஏழு வண்டியில் வந்தது. ஏழையும் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகும் பொட்டு வைப்பதை விடவில்லை. ஷெட்டுக்காரர்கள் என்னை 'டயர் சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நகப்பூச்சு தீர்ந்துபோனதற்கு வீட்டில் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் எனக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது.

இனி வண்டிக்கு வருகிறேன். செலின் டீச்சர், லஸ் பக்கத்துக்காரர், அறுபது வயது. பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். திருப்போரூர்ப் பக்கம் அவர் கணவர் வாங்கிப் போட்டுவிட்டுப் போன நாலு ஏக்கர் தோட்டம் இருந்தது. வேர்க்கடலை, கத்திரி, ஆறு மாடு. துபாயில் இருக்கும் மகன் விற்றுவிடு என்கிறான், டீச்சர் மாட்டேன் என்கிறார். அந்தத் தோட்டத்துக்கென்று அவர் வைத்திருந்ததுதான் அந்தப் பழைய பிக்கப். பருத்திச் சேலை கட்டிக்கொண்டு, ஜெபமாலை தொங்கும் கண்ணாடிக்குக் கீழே உட்கார்ந்து, தானே ஓட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வருவார். டிரைவர்கள் எல்லாம் பீடியைக் கீழே போட்டுவிட்டு வழிவிடுவார்கள்.

வண்டி பார்க்கச் சகிக்காது. நீலப் பெயிண்டைச் சுவருக்கு அடிக்கும் பிரஷ்ஷால் அவரே அடித்திருந்தார். இடது கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். பின்பக்கத் தொட்டியில் சாணமும் வைக்கோலும். ஆனால் டாஷ்போர்டில் சாக்பீஸால் ஆயில் மாற்றிய தேதி, கிரீஸ் வைத்த தேதி எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கும். முதல் வருஷம் அடியில் படுத்துப் பார்த்து அசந்துபோனேன். பளபளவென்று வந்த புது லாரிகளைவிட அடிப்பாகம் சுத்தமாக இருந்தது.

"புதுசு ஒண்ணு வாங்கிடலாமே டீச்சர்" என்றேன்.

"புதுசு வரப்புல இறங்குமா? சேத்துல மாட்டினா மாட்டைக் கட்டி இழுக்க விடுமா? இது விடும் சார். நான் திட்டினாலும் கோவிச்சுக்காது."

இரண்டாம் வருஷமும் அடியில் படுத்தேன். மூன்றாம் வருஷம் படுக்கவில்லை. நாலாம் வருஷமும் படுக்கவில்லை. சாக்பீஸ் தேதியைப் படித்தேன், டயரைப் பார்த்தேன், பிரேக்கை ஒரு மிதி மிதித்தேன், மாடு எப்படி இருக்கிறது என்று கேட்டேன், கையெழுத்துப் போட்டேன். அவரையும் வண்டியையும் எனக்குப் பிடித்துவிட்டது. நாலாம் வருஷம் தொட்டியில் உடைந்த கண்ணாடி வளையல் துண்டு ஒன்றைப் பார்த்தேன். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது குற்றம். "டீச்சர், ஆள் ஏத்துறீங்களா?" என்று கேட்டேன். "வைக்கோல் ஏத்துறப்போ உடைஞ்சிருக்கும்" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதோடு விட்டுவிட்டேன்.

ஐந்தாம் வருஷம் பிக்கப் உள்ளே நுழையும்போதே எனக்கு உறுத்தியது. அந்த உடம்புக்குப் பொருந்தாத கருகரு டயர்கள். குனிந்து உள்பக்கம் பார்த்தேன். சிவப்புப் பொட்டு. என் பொட்டு.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. வேறு யார் செய்திருந்தாலும் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பியிருப்பேன். இவர் செய்துவிட்டாரே என்று இருந்தது. என்னைக் கேனையன் என்று நினைத்துவிட்டாரே என்று இருந்தது.

"முப்பது வருஷம் பசங்களுக்குக் காப்பியடிக்காதேன்னு சொல்லிக் குடுத்திருப்பீங்க. இப்போ நீங்களே காப்பியடிச்சுட்டு வந்து நிக்கிறீங்க" என்றேன். மைதானம் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன். இரண்டு கிளீனர்கள் சிரித்தார்கள்.

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் குரல் உடையவில்லை. "டயர் மாத்தினது தப்புதான் சார். மெக்கானிக் சொன்னான்னு கேட்டுட்டேன். ஆனா ஒரு விஷயம் நீங்க பாக்கணும். வண்டி கொஞ்ச நாளா..."

"ஒண்ணும் பாக்க வேண்டாம். எடுங்க வண்டிய."

"சார், ஒரு நிமிஷம் அடியில..."

"டீச்சர், எடுங்க வண்டிய. பின்னாடி ஆள் நிக்குது."

அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரிஜிஸ்டரில் 'டயர்' என்று ஒரே வார்த்தை எழுதி, கீழே அழுத்தமாகக் கோடு போட்டேன்.

மத்தியானம் ரங்கராஜன் சார் தயிர் சாதத்தை முடித்துவிட்டு ரிஜிஸ்டரைப் புரட்டினார். அந்த வரியில் விரல் நின்றது.

"நீல பிக்கப்பா? அடியில என்ன பாத்தேள்?"

"பாக்கல சார். வாடகை டயர். அதுவே போதுமே."

"கையக் காட்டுங்கோ."

நீட்டினேன். சோப்புப் போட்டுக் கழுவின மாதிரி இருந்தது. அவர் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார்.

"டயரக் கழட்டிக் குடுத்துட்டு அந்த அம்மா வண்டிய என்ன பண்ணுவா? ஆத்து வாசல்ல கட்டி வெச்சுக்கப் போறாளா? ஓட்டிண்டுதான் போவா."

"எஃப்.சி. இல்லாம ஓட்டக்கூடாது சார்."

"காயிதம் இல்லேன்னா சக்கரம் சுத்தாதா?" என்றார். கோபமே இல்லாமல்தான் கேட்டார். "உங்க கோவத்துக்கு அவ வண்டி பதில் சொல்லணுமா? அவ ஏதோ சொல்ல வந்தாளே, அத காது குடுத்துக் கேட்டேளோ?"

மரத்தடியிலிருந்து அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. எனக்குச் சுருக்கென்றது. ஸ்கூட்டரை எடுத்தேன்.

அந்தச் சிவப்புப் பொட்டு டயர் ராயப்பேட்டை ஏழுமலையின் ஷெட்டுச் சொத்து என்று எனக்குத் தெரியும். போய் நின்றதும் அவன் எழுந்து பனியனில் கையைத் துடைத்தான்.

"இன்னா சார், ஷெட்டுக்கே வந்துட்ட? டயர நான் கயட்டிட்டேன் சார். டீச்சரு மேல தப்பு இல்ல. நான்தான் வுட மாட்டேன்னு மாட்டி அனுப்னேன்."

"டயரை விடு. வண்டியில வேற என்ன கம்ப்ளைண்ட் சொன்னாங்க?"

"எடது பக்கம் இஸ்துக்கினு போவுது, பள்ளத்துல எறங்குனா ஸ்டேரிங் ஒதறுதுன்னாங்க. எஃப்.சி. முடியட்டும், பொறவு பாத்துக்கலாம்னு நான்தான் சொன்னேன்."

"ஸ்டியரிங் கம்ப்ளைண்டைப் பாக்காம எப்படிடா எஃப்.சி.க்கு அனுப்புவே?"

ஏழுமலை என்னை நிஜமான ஆச்சரியத்தோடு பார்த்தான். "நீ டயர மட்டும்தான சார் பாப்ப? ஊரே சொல்லிக்கினு கீது. டயர் சாருக்கு டயர் சோக்கா இருந்தா போதும்னு. இருந்த ஒரு நாள்ல எது முக்கியம்னு பாத்து அத்த செஞ்சேன்."

செருப்பால் அடித்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது. இந்த ஊரில் இருக்கும் அத்தனை ஷெட்டிலும், என் பெயரைச் சொல்லி, ஸ்டியரிங்கை விட்டுவிட்டு டயரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் பெருமை செய்த வேலை அது.

"வண்டி எங்க இப்போ?"

"அவுங்க பழைய டயர மாட்டிக் குடுத்துட்டேன். எடுத்துக்கினு போயி அர அவரு ஆவும். திருவான்மியூர்ல புண்ணாக்கு ஏத்திக்கினு தோட்டத்துக்குப் போறாங்க. நாளைக்கு வேர்க்கல்ல புடுங்குறாங்க சார். ரோட்டாண்டேந்து பத்துப் பதினஞ்சு பொம்பளைங்கள ஏத்திக்கினு ஏரிக்கர மேல போவணும்."

வளையல் துண்டு சட்டென்று கண் முன்னால் வந்தது.

ராயப்பேட்டையிலிருந்து லஸ், மந்தைவெளி, அடையாறு பாலம். ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று தெரியவில்லை. பாலத்தில் எனக்கு முன்னால் ஒரு கூட்டம் நின்றது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். பழவண்டி ஒன்று கவிழ்ந்து ஆரஞ்சுப் பழம் உருண்டு கிடந்தது. அவ்வளவுதான். அப்போது வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: புண்ணாக்குக் கடைக்காரன் வழக்கம்போலத் தாமதப்படுத்தட்டும்.

தாமதப்படுத்தியிருந்தான். திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சாரியில் நீல பிக்கப் நின்றது. தொட்டியில் பாதி மூட்டை ஏறியிருந்தது. டீச்சர் குடை பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் குடையை மடக்கினார்.

"எஃப்.சி. இல்லாம ஓட்டினேன்னு பிடிக்க வந்தீங்களா?"

"இல்ல டீச்சர். வண்டியப் பாக்க வந்தேன்."

"காலையில பாக்க வேண்டாம்னீங்களே."

"ஸ்டியரிங்ல உக்காருங்க. நான் சொல்றப்போ ரெண்டு பக்கமும் ஆட்டுங்க."

சாக்கு இல்லை, பாய் இல்லை. காக்கி யூனிஃபாரத்தோடு நடுரோட்டில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தேன். பஸ் கண்டக்டர்கள் இரண்டு பேர் வந்து குனிந்து பார்த்தார்கள். "இன்ஸ்பெக்டருக்கே ரிப்பேரா நைனா?" என்று ஒருவன் கேட்டான்.

முன் சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புக் கம்பிக்கு டை ராடு என்று பெயர். அதன் முனையில் ஒரு மூட்டு, மூட்டைப் பிடிக்க ஒரு நட்டு, நட்டு சுழன்று கழன்றுவிடாமல் குறுக்கே ஒரு சின்ன ஸ்பிளிட் பின். வலது முனையில் பின் இருந்தது. இடது முனையில் இல்லை. எப்போதோ அறுந்து விழுந்திருக்க வேண்டும். நட்டு கடைசி மரையில் தொத்திக்கொண்டிருந்தது. "ஆட்டுங்க" என்றேன். டீச்சர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். மூட்டு அதன் குழியிலிருந்து எழும்பி எழும்பி உட்கார்ந்தது. "போதும், நிறுத்துங்க" என்று கத்தினேன். ஸ்பானர் தேவைப்படவில்லை. இரண்டு விரலால் திருகினேன், நட்டு கையோடு வந்துவிட்டது.

வெளியே வந்து அதை டீச்சரின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் சயின்ஸ் டீச்சர், அதிலும் அந்த வண்டிக்குத் தன் கையால் கிரீஸ் வைப்பவர். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. புண்ணாக்கு மூட்டை மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"இது எங்க கழண்டிருக்கும்?" என்று கேட்டார்.

"எங்க வேணா. பள்ளத்துல ஒரு குலுக்கல் போதும். இடது சக்கரம் தன் போக்குல போயிடும்."

"நாளைக்கு அஞ்சலை மகளும் வர்றா. ஏழு மாசம்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, அந்த நட்டிடம்தான் சொன்னார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "காலையில ஏன் சார் பாக்கல?"

"கோவம் டீச்சர்."

"என் மேலயா?"

"ஆமா."

அவர் நட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ஏழுமலைக்கு ஆள் அனுப்பினேன். அவன் வந்து பார்த்துவிட்டு, அப்போதைக்கு வேறு நட்டும் பின்னும் மாட்டி, வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனான். மறுநாள் அந்தப் பெண்கள் தோட்டத்துக்கு நடந்தே போனார்கள்.

மைதானத்துக்குத் திரும்பியபோது என் முதுகெல்லாம் ஆயில். ரங்கராஜன் சார் பார்த்தார். "என்ன இருந்தது?" என்றார். சொன்னேன். ரிஜிஸ்டரை என் பக்கம் நகர்த்தி, பேனாவையும் கொடுத்தார். 'டயர்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் டை ராடு விவரம் முழுவதையும் எழுதினேன். "ரிஜெக்ட் பண்ணினது சரிதான்" என்றார். "பாக்காமலே சரியாயிடுத்து. அதனாலதான் பயமா இருக்கு." அதற்கு மேல் அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை நான் அடியில் படுக்காமல் ஒரு வண்டிக்கும் கையெழுத்துப் போட்டதில்லை. ஒரு நாளைக்குப் பாதி வண்டிதான் முடிந்தது. லாரிக்காரர்கள் சபித்தார்கள், மேலிடத்துக்கு மனுப் போனது, விளக்கம் கேட்டுக் கடிதமும் வந்தது. பதில் எழுதினேன், மறுபடி படுத்தேன். கவிதா, உன் மிஷினோடு எனக்குச் சண்டை இல்லை. கோபம் வராத சாமான் அது, என்னைவிட ஒரு படி மேல்தான். ஆனால் கழன்ற நட்டு எண்ணாக வராது. நீ குனிந்துதான் பார்க்க வேண்டும்.

பத்து நாள் கழித்து டீச்சர் பிக்கப்பைத் திரும்பக் கொண்டுவந்தார். தன் சொந்த டயரில். தேய்ந்ததுதான், ஆனால் விதிக்கு உட்பட்ட தேய்மானம். அன்றைக்கே அதில் வந்திருந்தாலும் தடையில்லாத டயர். ஒரு மணி நேரம் பார்த்தேன். புது மூட்டு, புதுப் பின், இரண்டு முனையிலும் கை வைத்துத் தொங்கியே பார்த்தேன். பாஸ் போட்டேன்.

அவர் சான்றிதழை வாங்கி மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "சார், ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு நான் இதே டயர்ல வந்திருந்தா, அடியில பாத்திருப்பீங்களா?"

பொய் சொல்ல வாய் வரை வந்தது. "மாட்டேன் டீச்சர். பாஸ் போட்டிருப்பேன்."

"போன வருஷம் பாத்தீங்களா?"

"இல்ல."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"இல்ல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெளிப்பக்கமாகப் போய் இடது கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க" என்றார். நான் ரங்கராஜன் சாரைப் பார்த்தேன். அவர் மணியைப் பார்த்துவிட்டு, போய்வாரும் என்று தலையசைத்தார்.

திருவான்மியூர் தாண்டி ஒரு மணி நேரம் போல. மெயின் ரோட்டை விட்டு இறங்கி ஏரிக்கரை மேல் ஏறினோம். ஒரு வண்டியும் ஒரு மாடும் ஒட்டிப் போகும் அகலம்தான் கரை. வலது பக்கம் தண்ணீர். இடது பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழே கருங்கல்லும் முள்ளும். கரை நடுவில் நிறுத்தினார். "இங்கதான் எப்பவும் எதிர்ல மாடு வரும். நான் இடது பக்கம் ஒடிச்சு ஒதுக்குவேன்" என்றார். நான் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். சக்கரத்துக்கும் விளிம்புக்கும் ஒரு சாண் இருந்தது.

தோட்டத்தில் பெண்கள் களத்தில் உட்கார்ந்து செடியிலிருந்து கடலையை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பொழுது சாய எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, வழக்கம்போல ஒவ்வொருவராக வண்டியில் ஏறினார்கள். பன்னிரண்டு பேர். ஏழு மாதக்காரியை இரண்டு பேர் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். மெயின் ரோடு வரைக்கும் நடந்தால் முக்கால் மணி நேரம், பஸ் கிடையாது. டீச்சர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தார். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது குற்றம். எழுதியே சொல்கிறேன், குற்றம்தான். நான் முன்சீட்டுக்குப் போகாமல் பின்னால் போய், சக்கரத்தில் கால் வைத்துத் தொட்டிக்குள் ஏறினேன்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டார்கள். வண்டி கிளம்பியது. நாலு வருஷம் இந்த வண்டிக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். இவர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. "உங்க பேரெல்லாம் சொல்லுங்கம்மா" என்றேன்.

"பேரு எதுக்கு சார்? எழுதிக்கினு போயி கேசு போடவா?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

"இல்லம்மா. தெரிஞ்சுக்கணும்."

கரை வந்துவிட்டது. திரும்பும் வழி என்பதால் இப்போது இடது பக்கம் தண்ணீர். எதிரில் மாடு வந்தது. வண்டி இடது பக்கம் ஒடிந்தது. இடது ஓரத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வயதானவர் கீழே திரும்பிக்கூடப் பார்க்காமல் என்னிடம், "எம் பேரு அஞ்சலை. இது எம் மவ தேவி" என்றார்.